காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்த் தேடல்: பர்மாவில் இறந்த பையனைக் கண்டுபிடிக்க முடியுமா?

இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத ஒரு சின்னத் தாத்தா தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் உண்டு. சுவரில் சீருடையோடு ஒரு படம் இருக்கும். "சண்டையில போயிட்டார்" என்பார்கள், அதோடு சரி. அந்தப் பையன் எந்தப் படையில் இருந்தான், என்றைக்கு இறந்தான், பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று தேடுகிறவர்கள் முதலில் போகவேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். தேடக் கட்டணம் இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த, இந்தியா உட்பட பிரிட்டிஷ் காமன்வெல்த் நாடுகளின் படையினர் சுமார் 17 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள்.

ஆனால் தேடல் பக்கம் ஆங்கிலேயப் பெயர்களுக்கென்றே அமைந்தது. குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், முன்பெயருக்கு ஒரு கட்டம். நம் பையன்களுக்கு ஒற்றைப் பெயர்தான். அது பெரும்பாலும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும். தகப்பனார் பெயரின் தலைப்பெழுத்தைச் சேர்த்தால் தேடல் வெறுமையாக முடியும். அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துக்கூட்டல். எழுதிய குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர் நிற்கிறது. முத்துசாமியின் 'சாமி'க்கு நடுவில் டபிள்யூ சேர்த்தும் சேர்க்காமலும், கடைசியில் ஐ போட்டும் ஒய் போட்டும், நான்கு விதமாகவாவது தேடிப் பார்க்க வேண்டும்.

பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடிப்பதே நல்ல வழி. விரிவான தேடலில் 'கூடுதல் தகவல்' என்றொரு கட்டம் உண்டு. இரண்டாம் போரில் இறந்த இந்தியர் பலரின் பதிவில் தாய், தகப்பன், மனைவி பெயர்களும் கிராமமும் மாவட்டமும் அங்கேதான் இருக்கின்றன. மாவட்டத்தை அன்றைய பெயரில் கொடுக்க வேண்டும்: டாஞ்சூர், டின்னவெல்லி, ட்ரிச்சினாபாலி, ராம்நாட், வட ஆற்காடு. அதோடு 'இந்தியப் படைகள்' என்பதைத் தேர்ந்தெடுத்து, மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியியல் படை), மெட்ராஸ் ரெஜிமென்ட் (காலாட்படை), பயனியர் கோர் (உடலுழைப்புப் படை) என்று பிரிவு பிரிவாகப் பார்த்தால் பட்டியல் கையடக்கமாகிவிடும். வீட்டில் பழைய பென்ஷன் தாளோ பதக்கமோ இருந்தால் முதலில் அதில் படை எண்ணைப் பாருங்கள். எண் கிடைத்துவிட்டால் எழுத்துக்கூட்டல் தொல்லையே இல்லை.

பதிவைத் திறந்தால் பதவி, இறந்த தேதி, தெரிந்திருந்தால் வயது, நினைவிடம் எல்லாம் வரும். 19, 20 என்று அந்த வயதைப் பார்க்கும்போது கை கொஞ்சம் நின்றுவிடும். கீழே ஸ்கேன் செய்த மூல ஆவணங்கள் இருந்தால் அவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். தட்டச்சுப் பிழைகள் அங்கேதான் பிடிபடும்.

கல்லறையைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தகனம் செய்யப்பட்டவருக்கும் உடல் கிடைக்காதவருக்கும் தனிக் கல் இருக்காது. பெயர் மட்டும் ஒரு தூணில் இருக்கும். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாத பலரின் பெயர்கள் யாங்கூனுக்கு வடக்கே தௌக்யான் கல்லறைத் தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவகத்தில் உள்ளன. அங்கே ஏறத்தாழ 27,000 பெயர்கள். பெயர் எந்தப் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் முக எண் (Face) பதிவில் இருக்கும்; அதைக் குறித்துக்கொள்ளாமல் போனால் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. சிங்கப்பூரில் கிராஞ்சி கல்லறைத் தோட்டத்து நினைவகத்தில் தூண் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் உலகப் போர் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இராக்கிலுள்ள பஸ்ரா நினைவகத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களை எண்ணிக்கையாக மட்டும் பொறித்தார்கள். இந்தியர் உட்படக் குறைந்தது 45,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமான குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை என்பதை 2021-இல் ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டார்கள். நூறு ஆண்டு தாமதம். இவ்வளவு நல்ல சேவையில் பெரிய குறை இதுதான்.

சிலர் இந்தப் பட்டியலுக்குள் வரவே மாட்டார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்த மலாயாத் தமிழ் இளைஞர்களை இங்கே தேடிப் பயனில்லை. போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளர்களும் அப்படியே. 1947 டிசம்பருக்குப் பிறகு நடந்த போர்களில் இறந்தவர்கள் ஆணையத்தின் பொறுப்பில் இல்லை. அவர்களுக்கு டெல்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தைப் பார்க்க வேண்டும்.

பெயரில் பிழை இருந்தாலோ பெயரே விடுபட்டிருந்தாலோ ஆணையத்துக்கு எழுதலாம். குடும்பத்தார் சொல் மட்டும் போதாது. பணிப் பதிவு, இறப்பு அறிவிப்பு, பென்ஷன் ஆணை போன்ற அக்காலத் தாள்களின் நகலை, படை எண் தெளிவாகத் தெரியும்படி இணைத்து அனுப்புங்கள்.