கிம்பின் நியூஸ்பிரிண்ட் ஃபில்டர்: கறுப்பு வெள்ளைக்குக் கைகொடுக்கும், கலருக்கு ஆகாது

கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் முகம் கரி அப்பியதுபோல வந்தால் எல்லோரும் பிரிண்டரைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் தப்பு அங்கே இல்லை. சாம்பல் சாயலைக் கறுப்புப் புள்ளிகளாக மாற்றும் வேலையை, அதாவது புள்ளி போடுவதை, பிரிண்டர் டிரைவர் என்ற மென்பொருளின் இஷ்டத்துக்கு விட்டதில் இருக்கிறது. அதை நம் கைக்குக் கொண்டுவர, காசில்லாமல் கிடைக்கும் படத்திருத்த மென்பொருளான கிம்பில் டிஸ்டார்ட்ஸ் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் நியூஸ்பிரிண்ட் போதும்.

ஒரு தொல்லை: இந்த ஃபில்டருக்கு எல்பிஐ (ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி வரிசை) தெரியாது, வரிசைகளின் இடைவெளியை ‘பீரியட்’ என்று பிக்சலில்தான் கேட்கும். அங்குலத்துக்கு 600 பிக்சல் அச்சிடும் 600 டிபிஐ லேசர் பிரிண்டரில் பீரியட் 10 என்றால் 60 எல்பிஐ. ஒரு புள்ளிக்கு 10 × 10 கட்டம், அதாவது வெள்ளை முதல் கறுப்பு வரை 101 சாயல். நைசாக வரட்டும் என்று 5 வைத்தால் 120 எல்பிஐ ஆகும், ஆனால் சாயல் 26க்கு இறங்கிவிடும்; நெற்றியில் படிப்படியாகப் பட்டை விழும். 8க்கும் 10க்கும் நடுவில் நிற்பதே நல்லது.

ஃபில்டரைத் தொடுமுன் படத்தை அச்சாகும் அளவிலேயே 600 டிபிஐக்கு மாற்றுங்கள். ஏ4 முழுப்பக்கம் என்றால் 4960 × 7016 பிக்சல். சாயல் அளவைத் திருத்தும் லெவல்ஸில், 0 முதல் 255 வரையுள்ள அவுட்புட்டை 13, 242 என்று சுருக்குங்கள். இல்லாவிட்டால் பொடிப் புள்ளி டோனரில் நிற்காது, கறுப்புக்குள் இருக்கும் பொடி வெள்ளையும் அடைந்துபோகும். பிறகு ஃபில்டரில் கோணம் 45, புள்ளியின் வடிவம் சர்க்கிள். வட்டப் புள்ளிகள் ஒன்றையொன்று தொடுவது கறுப்பு சுமார் 78 சதத்தை எட்டும்போதுதான். அதனால் கன்னம் தப்பிக்கும், தலைமுடி கொஞ்சம் அடையும். அங்கேயே இருக்கும் இன்னொரு வடிவமான யூக்ளிடியன் புள்ளி 50 சதத்திலேயே தொட்டுவிடுவதால் முகத்தின் நடுச்சாயல் சட்டென்று கறுத்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது இதற்கப்புறம்தான். ஃபில்டர் புள்ளியின் ஓரத்தை வழவழப்பாக்க லேசான சாம்பல் பூசுகிறது. அப்படியே அனுப்பினால் டிரைவர் அந்தச் சாம்பலுக்கு மறுபடி புள்ளி போடும், ஓரமெல்லாம் பிசிறடிக்கும். இமேஜ் மோடில் இண்டெக்ஸ்டு, 1 பிட் கறுப்பு வெள்ளை, டிதரிங் வேண்டாம் என்று மாற்றிவிட்டு பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் கூடவே கூடாது. பிரிண்ட் 100 சதத்தில்; ‘பக்கத்துக்குப் பொருத்து’ 97க்குச் சுருக்கினாலே புள்ளிகள் முறை தவறி மாய்ரே என்ற அலைக்கோலம் தெரியும். டோனர் சேவரையும் அணைத்துவிடுங்கள்.

பழைய பேப்பரில் அச்சான படத்தை ஸ்கேன் செய்திருந்தால் முதலில் படத்தை மங்கலாக்கும் காஸியன் பிளர் கொடுத்து அந்தப் புள்ளியைக் கரையுங்கள்.

ஃபில்டரில் உள்ள சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்கள்) தேர்வு திரையில் அழகு, அவ்வளவுதான். பிஎன்ஜி கோப்பு திரை நிறமான ஆர்ஜிபியாகவே வெளியே வருவதால் கலர் மெஷின் அதை மறுபடி பிரித்துப் புள்ளி போடும். கலர் வேலையைப் புள்ளி போடாத படமாகவே ஆர்ஐபி (அச்சுக்கு நிறம் பிரித்துப் புள்ளி போடும் மென்பொருள்) உள்ள கடைக்குக் கொடுங்கள்.