கொரோனா உளவுப் படங்களைத் திருத்துதல்: ஸ்பிளைனா, கேமரா மாதிரியா?

அமெரிக்காவின் கொரோனா செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த உளவுப் படங்கள் 1995-இல் பொதுப் பயன்பாட்டுக்கு விடுவிக்கப்பட்டன. சிரியாவின் யூப்ரடீஸ் பள்ளத்தாக்கில் பழங்காலக் குடியிருப்பு மேடுகளைத் தேடுவதற்காக அவற்றில் கேஎச்-4பி எனும் கேமரா வகை எடுத்த படங்களை இன்றைய வரைபடத்தோடு பொருத்த முனைந்தபோது, எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் பல்லுறுப்புக் கோவையாலோ (படம் முழுவதற்கும் ஒரே சமன்பாடு) ஸ்பிளைனாலோ (குறித்த புள்ளிகளின் வழியே வளையும் பரப்பு) படத்தை இழுத்துப் பொருத்துவது. மற்றொன்று, கேமரா இயங்கிய விதத்தையே கணித மாதிரியாக்கி, நில உயரத் தரவையும் சேர்த்துத் திருத்துவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

முதல் வழி எளிது, விரைவானது, செலவற்றது. ஒரு மேட்டையும் அதைச் சுற்றிய சில கிலோமீட்டரையும் மட்டும் பார்ப்பவருக்கு அதுவே போதும்.

முழுப் படத்துக்கு அது போதாது. இந்தக் கேமரா ஒரு படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவதில்லை. 70 பாகை அகலத்துக்குப் பக்கவாட்டில் துழாவிக்கொண்டே, சுமார் 75 சென்டிமீட்டர் நீளப் படச்சுருளில் பதிகிறது. ஆகவே நடுவில் ஒரு மில்லிமீட்டர் குறிக்கும் நிலத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நிலத்தை ஓரத்தில் அதே மில்லிமீட்டர் குறிக்கிறது. துழாவும் நேரத்தில் செயற்கைக்கோள் நகர்வதும், கேமரா முன்னோக்கியோ பின்னோக்கியோ 15 பாகை சாய்ந்திருப்பதும் இதோடு சேர்கின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்தான், அதாவது படத்தை வரைபடத்தோடு இணைக்கும் அடையாள இடங்கள். அன்றைய படத்திலும் இன்றைய படத்திலும் ஐயமின்றி ஒன்றாகத் தெரியும் இடங்கள் இப்பகுதியில் அரிது: வயல் வரப்புகள் மாறிவிட்டன, ஊர்கள் பெருத்துவிட்டன, சாலைகள் அகன்றுவிட்டன. ரெசாஃபா எனும் பழைய நகரின் மதில் மூலைகளைப் போன்றவை கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்றாம் படிப் பல்லுறுப்புக் கோவைக்குக் குறைந்தது 10 புள்ளிகள் வேண்டும். அவை படம் முழுவதும் சீராகப் பரவியும் இருக்க வேண்டும், இல்லையேல் புள்ளியற்ற ஓரங்களில் படம் தாறுமாறாக வளையும். ஸ்பிளைனின் ஆபத்து இதைவிட நுட்பமானது. கொடுத்த புள்ளி ஒவ்வொன்றின் வழியாகவும் அது சரியாகச் செல்வதால் எஞ்சும் பிழை பூச்சியம் என்று காட்டும். தவறாகக் குறித்த புள்ளியையும் அப்படியே ஏற்றுக்கொண்டு சுற்றுப்புறத்தைக் கோணலாக்கிவிடும். கேமரா மாதிரியோ வடிவியலின் பெரும்பகுதியை முன்பே அறிந்திருப்பதால், கேமராவின் இடம், சாய்வு, நகர்வு ஆகியவற்றை மட்டுமே புள்ளிகளிலிருந்து கணிக்கிறது. தவறான புள்ளி அதில் பெரும்பாலும் துருத்திக்கொண்டு தெரியும். எவ்வழியானாலும், சில புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கென ஒதுக்கி வைப்பது நல்லது.

விலை இல்லாமல் இல்லை. துண்டு துண்டாக ஸ்கேன் செய்யப்பட்ட படச்சுருளை முதலில் கணினியில் பிசிறின்றி ஒட்டியாக வேண்டும். நாளும் பொறுமையும் கரையும் வேலை அது. உயரத் தரவும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். யூப்ரடீஸ் மீதான தப்கா அணை 1973-இல் முடிந்து அசாத் ஏரி உருவானதால், 2000-இல் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு அங்கே நீர்ப்பரப்பையே நிலமாகக் காட்டுகிறது. உயரத்தில் 50 மீட்டர் பிழை இருந்தால், 15 பாகைச் சாய்வினால் மட்டுமே படத்தின் நடுவிலும் சுமார் 13 மீட்டர் விலகல் வரும். அங்கு மட்டும், அணைக்கு முந்தைய நிலவரைபடத்தின் சமவுயரக் கோடுகளிலிருந்து உயரங்களை எடுக்க வேண்டும். செங்குத்தான மலைப்பகுதிகளில் இம்முறையை நான் அதிகம் கையாண்டதில்லை என்பதால், மேலே சொன்னதைச் சமவெளிக்கும் தாழ்ந்த குன்றுகளுக்கும் உரியதாகவே கொள்ளவும்.