555 புத்தகத்தில் என் கணக்கு

மெல்பர்னிலிருந்து இரண்டு வார விடுப்பில் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் போயிருந்தேன். காசு போடாமல் விட்டதில் என் பழைய மலேசிய எண் செத்துப்போயிருந்தது. பணம் கட்டும் செயலி எதைத் திறந்தாலும், அந்தச் செத்த எண்ணுக்குத்தான் குறியீடு அனுப்புவேன் என்று அடம்பிடித்தது.

முதல் நாள் காலை அம்மா தேங்காயும் குழம்புத்தூளும் வாங்கிவரச் சொன்னார். கடையில் 18 வெள்ளி (ரிங்கிட்) 32 காசு. கைத்தொலைபேசியை நாலு தரம் காட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. பையில் இருந்ததெல்லாம் ஆஸ்திரேலிய டாலர்.

"தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார் கடைக்காரர். சொன்னேன்.

"அட, மண்டோர் மகனா!" மண்டோர் என்றால் வேலையாட்களை மேய்க்கும் கங்காணி, அப்பா பார்த்த வேலை.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் வந்தது. உள்ளங்கை அளவு, அட்டையில் பெரிதாக 555. சம்பளம் போட்டதும் அப்பா கடைக்கடன் கணக்குத் தீர்க்கப் போவாரே, அதே மாதிரிப் புத்தகம். நூலில் கட்டிய பேனாவால் தேதி போட்டு 18.30 என்று எழுதினார். "ரெண்டு காசு?" என்றேன். "அது நான் கொடுத்த கழிவு இல்ல தம்பி, கவர்மென்ட் கொடுத்தது" என்று சிரித்தார். ரொக்கத்தில் 5 காசுக்கு முழுமையாக்குவது 2008 ஏப்ரலிலிருந்தே இருக்கிறது, எனக்குத்தான் மறந்துவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். 2021 கடைசியில் 3ஜி சேவையை நாடு முழுக்க மூடினார்கள், ஆனால் 2ஜியை விட்டுவைத்தார்கள். அதனால் அந்தப் போன் இன்றும் கணீரென்று அடிக்கிறது. எண்களை அவர் அதில் சேமிப்பதில்லை. எல்லாம் சுவரில் தொங்கும் நாள்காட்டியில்தான், என் பழைய எண் உட்பட. வருடம் முடிந்தால் புது நாள்காட்டிக்கு உட்கார்ந்து நகலெடுக்கிறார். அலைபேசி மாறும்போது எண்களைத் தொலைத்துவிட்டு நிற்கும் நான் இதைக் கேலி செய்ய முடியுமா?

தொலைக்காட்சி வேறு கதை. 2019 அக்டோபரில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றதும் டிகோடர் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கும் சேர்த்து இரண்டு ரிமோட். அம்மா இரண்டையும் தொடுவதில்லை. சமையலறையில் வானொலியில் மின்னல் எஃப்எம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் வாயில் அது இன்னும் 'ரேடியோ ஆறு'தான்.

மின்சாரக் கட்டணத்தைத் தபால் நிலையத்தில், முகப்பில் ஆள் பார்த்துக் கட்டினோம். மாலையில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார், அதற்குள் நான் தூங்கிப் போயிருப்பேன்.

எல்லாமே இனித்தது என்று சொல்லமாட்டேன். பேருந்து வரும் நேரம் யாருக்கும் தெரியவில்லை. செயலியில் அழைக்கும் வாடகை வண்டியும் எங்கள் பக்கம் வரத் தயங்கியது. எங்கே போவதானாலும் பக்கத்து வீட்டு அண்ணனின் தயவுதான்.

கிளம்பும் முன் வெள்ளி மாற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். 18.30 தயாராகக் கையில் இருந்தது. கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டி, விரலால் கூட்டி, 64.80 என்றார்.

"அம்மா ரெண்டு வாரமா உங்க கணக்குலதான தம்பி எழுதச் சொல்றாங்க."