இளம் பந்துவீச்சாளரின் இடுப்புவலி: இராமநாதபுரத்து எலும்பு மருத்துவர் ஒருவர்

இந்த மருத்துவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் கேட்கும் கேள்விகள். என் மகனுக்குப் பதினைந்து வயது. வலக்கை வேகப்பந்து வீசுகிறான். இடுப்பின் இடப்பக்கம் வலித்தது. மண்டபம் ஊரில் எல்லோரும் சுளுக்கு என்றார்கள். வேறோரிடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சதைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள்.

இவரோ படத்தைத் தொடுவதற்கு முன் மகனிடம் பேசினார். "தம்பி, வலைப்பயிற்சியையும் சேர்த்து வாரத்துக்கு எத்தனை ஓவர்? குனிந்தால் வலியா, பின்னால் வளைந்தால் வலியா? இந்த ஆண்டு உயரம் கூடியதா?" இரவில் வலி தூக்கத்தைக் கலைக்கிறதா, காய்ச்சல் உண்டா, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா என்றும் கேட்டார். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் கிருமித்தொற்று, கட்டி, நரம்பு அழுத்தம் ஆகியவற்றை உடனே தேட வேண்டுமாம்.

பிறகு ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பின்னால் வளையச் சொன்னார். இடப்பக்கம் சுருக்கென்றது. இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். அந்த நேர்மைக்கே மீண்டும் போகலாம்.

முதுகுவலி என்றால் பெரியவர்களுக்கு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு, பிள்ளைகளுக்கு எலும்பு என்று முதலில் நினைக்க வேண்டும் என்றார். 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியோடு வந்த 100 இளம் விளையாட்டு வீரர்களில் 47 பேருக்கு முள்ளெலும்பின் பின்பகுதியில் விரிசல் இருந்தது; பெரியவர்கள் 100 பேரில் 5 பேருக்குத்தான். வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் விரிசல் விழும். 2019-இல் இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ராவை விளையாட விடாமல் நிறுத்தியதும் கீழ்முதுகு எலும்பு விரிசல்தான்.

தொடக்கநிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். சி.டி. ஸ்கேனில் நன்றாகத் தெரியும், ஆனால் வளரும் உடம்புக்குக் கதிர்வீச்சு, எனவே எம்.ஆர்.ஐ. எழுதினார். ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் இடப்பக்கத்தில் எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. அதாவது, விரிசல் தொடக்கநிலையில் இருந்தது. சுமார் மூன்று மாதம் பந்துவீச்சு கூடாது, பிறகு படிப்படியாகப் பயிற்சி.

குறைகளும் உண்டு. டோக்கன் காலையில் மட்டுமே தருகிறார்கள். பாம்பன், தங்கச்சிமடத்திலிருந்து வருகிறவர்கள் எப்படி வந்து சேர்வார்கள்? உடற்பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் வெளியில்தான் எடுக்க வேண்டும். அந்தச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.