கிராமட்டிக்கல் ஃபிரேம்வொர்க்: சில வருடம் புழங்கிய பிறகு

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு சின்னச் செயலிக்குத் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் வாக்கியங்கள் தேவைப்பட்டன. வகைகள் கொஞ்சம்தான், மருந்தும் அளவும் நேரமும் மட்டும் மாறும். 'சாப்பாட்டுக்கு முன்' என்பதை ஒரு மொழிபெயர்ப்புச் செயலி 'பின்' ஆக்கிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் கிராமட்டிக்கல் ஃபிரேம்வொர்க், சுருக்கமாக ஜிஎஃப், பக்கம் போனேன். 1998-இல் கிரெனோபிளில் இருந்த ஸெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆர்னே ராந்தா தொடங்கிய, பல மொழிகளின் இலக்கணங்களை எழுதுவதற்கான நிரல்மொழி இது. பிறகு ஸ்வீடனின் கோதன்பர்க்கில் வளர்ந்தது.

இதில் பொருளை மட்டும் பிடித்துவைக்கும் பொது இலக்கணம் ஒன்று. அதை வாக்கியமாக்க மொழிக்கொரு இலக்கணம். இந்தியில் பெயர்ச்சொல்லின் பால் வினை வரை இழுக்கும். கூடவே வரும் இலக்கண நூலகம் அதைப் பார்த்துக்கொள்கிறது. தமிழை நானே எழுதினேன்.

அங்கேதான் சிக்கல். ஓடும் நேரத்தில் வந்துசேரும் சொல்லின் எழுத்தை மாற்றி விகுதியை ஒட்ட ஜிஎஃப் விடாது. வேற்றுமை வடிவங்கள் எல்லாம் அகராதி அட்டவணையிலேயே இருக்க வேண்டும். பயனர் தட்டும் மருந்துப் பெயருக்கு அட்டவணை ஏது? 'பாராசிட்டமால் என்ற மாத்திரையை' என்று எழுதி, உருபைப் பொதுச்சொல்லின் தலையில் கட்டினேன். கொஞ்சம் அரசாங்கச் சுற்றறிக்கை வாடை அடிக்கிறது, சரி, பிழையில்லை.

வலி மிகுதலில்தான் எதிர்பாராத சந்தோஷம். ஆங்கிலத்தின் 'எ', 'ஆன்' போன்றவற்றுக்காக, அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து வடிவம் தேரும் வசதி இதில் உண்டு. 'மாத்திரையைச் சாப்பிடவும்', 'மாத்திரையைத் தண்ணீருடன்', 'மாத்திரையை விழுங்கவும்' மூன்றும் தானாகவே சரியாக வந்தன. யூனிகோடில் 'சா' என்பது 'ச'வில்தான் தொடங்குகிறது என்பதால் உயிர்மெய்களைத் தனித்தனியாக அடுக்கவும் வேண்டியதில்லை.

மற்றபடி, கம்பைலரின் பிழைச் செய்திகள் பொறுமையைச் சோதிக்கும். இலக்கணத்தில் இல்லாத ஒரு சொல் நுழைந்தால் வாக்கியமே பகுக்கப்படாது. செய்திக் கட்டுரை மொழிபெயர்க்க நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

புதிய வாக்கிய வகை சேர்க்கும்போதெல்லாம், கண்டபடி வாக்கியங்களை உருவாக்கி எல்லா மொழியிலும் கொட்டும் கட்டளையை ஓட்டுவேன். தமிழை நான் வாசிப்பேன், இந்தியை நண்பர் ஒருவர் பார்ப்பார். பெரும்பாலான தவறுகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.