கொக்குவில் மோட்டர் கட்டுற கடையில பழைய மைக்ரோவேவ் ட்ரான்ஸ்போமரை ஸ்பொட் வெல்டரா மாத்தினது

யாழ்ப்பாணத்தில பழுதான மைக்ரோவேவ் வச்சிருக்கிற ஆக்கள் அதைப் பழைய இரும்பு எடுக்க வாறவைக்கு கிலோக் கணக்கில நிறுத்துக் குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ. கே.கே.எஸ். வீதியில கொக்குவில் பக்கம் உள்ளுக்குப் போற ஒழுங்கை ஒண்டில தண்ணி மோட்டர் வைண்டிங் செய்யிற சின்னக் கடை ஒண்டு இருக்கு, பேர் போட வேண்டாம் எண்டு கடை ஐயா கேட்டதால நான் போடேல்ல, ஆனா அந்தப் பக்கம் போய் மோட்டர் கட்டுற ஐயா எண்டு கேட்டா ஆரும் காட்டுவினம். வேலைக்கு 5க்கு 5, நேரத்துக்கு 5க்கு 3.

எங்கட மைக்ரோவேவில மக்னட்ரோன், அதாவது சூடாக்கிற அலையை உண்டாக்கிற பாகம், செத்துப்போச்சு, அது புதுசு வாங்கிப் போடுறதெண்டா இன்னும் கொஞ்சக் காசு சேர்த்து புது மைக்ரோவேவே எடுக்கலாம். ஆனா உள்ள இருக்கிற ட்ரான்ஸ்போமர் நல்லாத்தான் இருந்தது, கையில தூக்கினா நாலைஞ்சு கிலோ வரும், அதை எறிய மனம் வரேல்ல. எனக்கு கோட்லெஸ் ட்ரில், லப்டொப் பற்றரிகளில செத்த செல்லைக் கழட்டி நல்ல செல் போட்டு நிக்கல் பட்டி ஒட்டுறதுக்கு ஸ்பொட் வெல்டர், அதாவது ஒரு புள்ளியில கரண்டை விட்டு உருக்கி ஒட்டுற மெஷின், ஒண்டு தேவைப்பட்டது, ஏனெண்டா லித்தியம் செல்லில நேர சோல்டரிங் அயனைப் பிடிச்சா சூடு உள்ளுக்கு இறங்கி செல்லைப் பழுதாக்கும். 2022ல டொலர் ஏறினதுக்குப் பிறகு வெளியில இருந்து வாற மெஷின் விலை எல்லாம் கேக்கவே பயமா இருக்கு, அதாலதான் இந்த யோசனை.

கடையில மைக்ரோவேவை மேசையில வச்ச உடன ஐயா கேட்ட முதல் கேள்வி, "கப்பாசிட்டரை இறக்கினனீரோ தம்பி?" இல்லை எண்டன். உடன என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டுத்தான் கவரைக் கழட்டினார். அந்த ட்ரான்ஸ்போமர் எங்கட 230 வோல்ட்டை கிட்டத்தட்ட 2000 வோல்ட்டுக்கு ஏத்துது, அதுக்குப் பிறகு கப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து 4000 வோல்ட் அளவில மக்னட்ரோனுக்குக் குடுக்குது, பிளக்கைக் கழட்டி வச்சாலும் கப்பாசிட்டருக்குள்ள கரண்ட் தேங்கி நிக்கலாம். அது தானா வடியிறதுக்கு உள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கும்தான், ஆனா அது போயிருந்தா வெளியில பாத்துத் தெரியாது. நீளக் கட்டைப்பிடி போட்ட கம்பி ஒண்டில ரெசிஸ்டர் பூட்டி வச்சிருக்கிறார், அதால ரெண்டு முனையையும் தொட்டுப் பிடிச்சு, பேந்து மீட்டர் வச்சு பூச்சியம் எண்டு எனக்கும் காட்டி, அதுக்குப் பிறகும் ரெண்டு முனையையும் ஒரு வயரால சேர்த்துக் கட்டி விட்டார். பிறகுதான் கையை உள்ளுக்கு விட்டது. மக்னட்ரோனை உடைச்சுக் காந்தம் எடுக்கிற பொடியளுக்கும் ஒரு விஷயம் சொன்னார், அதில இருக்கிற வெள்ளை, றோஸ் நிற செரமிக் சிலதில பெரிலியம் ஒக்சைட் இருக்கலாம், அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போனா ஆபத்து, அதை உடைக்கவே கூடாது.

அடுத்தது பிளேட்டால ப்ரைமரி, அதாவது 230 வோல்ட் உள்ளுக்கு வாற சுருள், அந்தக் கம்பியின்ர நுனியில வார்னிஷை மெல்லமா சுரண்டினார், சிவப்பாத் தெரிஞ்சா செம்பு, வெள்ளையா மினுங்கினா அலுமினியம். என்ர செம்பு. விலை குறைஞ்ச மொடல்களில அலுமினியக் கம்பி நிறைய வருதாம், அதுவும் வேலை செய்யும் ஆனா சூடு கூட. பிறகு 100 வோட் குண்டு பல்பை சீரியல்ல போட்டு ப்ரைமரிக்கு கரண்ட் குடுத்தார், பல்ப் மங்கலா எரிஞ்சா சரி, முழு வெளிச்சமா எரிஞ்சா உள்ளுக்க ஷோட். மங்கலாத்தான் எரிஞ்சது. இந்த பல்ப் விளையாட்டு எங்கட ஊர் வைண்டிங் கடை எல்லாத்திலயும் இருக்கு, ஆனா மெகர் எண்ட கசிவு பாக்கிற மீட்டரை வச்சு ப்ரைமரிக்கும் இரும்புக்கும் இடையில கசிவு இருக்கோ எண்டு பாக்கிற கடை நான் கண்டது இது ஒண்டுதான், அதுவும் வேலை தொடங்க முதல் ஒருக்கா, முடிஞ்ச பிறகு ஒருக்கா.

வெட்டுற வேலைதான் பாக்க வேண்டியது. செக்கண்டரி, அதாவது 2000 வோல்ட் வெளியில வாற சுருள், மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கில சுத்து, அதை ஒரு பக்கம் ஹக்சோவால இரும்போட ஒட்ட வெட்டி, மற்றப் பக்கம் தட்டிக் கழட்டினார். வெட்டேக்க ப்ரைமரிக்கு மேல தடிச்ச மட்டை ஒண்டைச் செருகி வச்சார், வாள் நழுவி அந்த வார்னிஷில ஒரு கீறு விழுந்தாலே முழு வேலையும் வீண். ரெண்டு சுருளுக்கும் நடுவில இரும்புத் தகட்டுக் கட்டி ரெண்டு இருக்கும், ஷண்ட் எண்டு சொல்லுறவை, கரண்டைக் கட்டுப்படுத்துறதுக்கு வச்சது. ஸ்பொட் வெல்டருக்கு கூடக் கரண்ட் வேணும் எண்டதால அதையும் எடுத்திட்டார், ஆர்க் வெல்டிங்குக்கு எண்டா எடுக்கக் கூடாதாம். வெறுமையான இடத்துக்குள்ள 50 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் ரெண்டு சுத்து. அவ்வளவுதான். ஒரு சுத்துக்கு ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவா வரும், ஆகமொத்தம் ரெண்டு வோல்ட்டும் இல்லை, ஆனா கரண்ட் நூற்றுக்கணக்கான அம்பியர். கையால தொட்டா ஒண்டும் செய்யாது, ஆனா மோதிரமோ மணிக்கூட்டுச் செயினோ ரெண்டு முனைக்கும் குறுக்க பட்டா சிவந்து பழுத்து விரலை எரிச்சுப்போடும், மோதிரத்தைக் கழட்டி வச்சிட்டு வேலை செய்யும் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னார். கேபிள் நுனிக்குப் பூட்டுற உலோகத் துண்டை, லக் எண்டு சொல்லுறதை, சுத்தியலால தட்டாம ஹைட்ரோலிக் கிரிம்பரால அமத்தினது எனக்கு பெரிய சந்தோசம், இந்தக் கரண்டில லக் கொஞ்சம் லூசா இருந்தாலே அந்த இடம் கொதிச்சுப் போகும். இரும்புச் சட்டத்தில எர்த் வயரும் பூட்டித் தந்தார்.

நான் அங்க நிக்கேக்க ஒரு பொடியன் வந்து பலகையில மின்னல் மாதிரி கோலம் எரிக்கிறதுக்கு செக்கண்டரியை அப்பிடியே விட்டு வயர் மட்டும் இழுத்துத் தரச் சொல்லிக் கேட்டவன். ஐயா முகத்துக்கு நேர ஏலாது எண்டிட்டார், காசு கூடத் தாறன் எண்டும் கேக்கேல்ல. இதுக்காகவே இந்தக் கடையை நான் மதிக்கிறன். அமெரிக்காவில இந்த வேலை செய்து 30 பேருக்கு மேல செத்திருக்கினம், அங்கத்தைய மரக்கடைச்சல் சங்கமே தங்கட நிகழ்ச்சிகளில இதைத் தடை செய்திருக்கு. வீட்டில ட்ரிப் சுவிச் இருக்குத்தானே எண்டு நினைக்காதேங்கோ, செக்கண்டரிக் கரண்ட் உடம்புக்குள்ளால போய் திரும்ப செக்கண்டரிக்கேதான் வரும், ப்ரைமரிப் பக்கம் இருக்கிற ட்ரிப் சுவிச்சுக்கு அது தெரியவே தெரியாது. 2000 வோல்ட், ஆளைக் கொல்லத் தேவையானதை விட பல மடங்கு கரண்ட். இரண்டாம் முறை எண்ட பேச்சே இல்லை.

கனடாவில இருந்து சொந்தக்காரர் சாமானோட அனுப்பின மைக்ரோவேவ் எண்டா பின்னுக்கு ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்கோ. அது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், எங்கட பிளக்கில நேர குத்தினா ப்ரைமரி எரியும். ரெண்டு ஒரே மாதிரி ட்ரான்ஸ்போமரை சீரியல்ல போடலாம், ஆனா எங்கட 50 ஹேர்ட்ஸுக்கு அது இன்னும் கூடச் சூடேறும் எண்டு ஐயா விருப்பப்படேல்ல. புது இன்வெர்ட்டர் மைக்ரோவேவ்களில இந்தப் பாரமான ட்ரான்ஸ்போமரே இல்லை, அதுகளைக் காவிக்கொண்டு போகாதேங்கோ. அதோட இதைக் கார் பற்றரி சார்ஜராக்கி மணிக்கணக்கா விடுற எண்ணம் இருந்தா விட்டிடுங்கோ, செலவு குறைக்க இரும்பை மட்டுமட்டா வச்சுச் செய்த சாமான் இது, ஃபான் காத்து இல்லாம சும்மா விட்டாலே சுடும்.

போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில ஊருக்குள்ள பற்றரியே வராது, ஆக்கள் சைக்கிள் டைனமோ சுத்தி றேடியோ கேட்டவை, அப்ப எரிஞ்ச மோட்டரில நல்லா இருக்கிற கம்பியை அவிழ்த்து நேராக்கித் திரும்ப சுத்திப் பழகினது எண்டு ஐயா வேலைக்கிடையில சொன்னார். அந்தக் கை இப்பவும் தெரியுது, ஒரு துண்டு வயரும் நிலத்தில கிடக்காது.

குறை எண்டா நேரம்தான். மாரி முடிஞ்சு வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கத் தொடங்கினா தோட்டக்காரரின்ர மோட்டர் வாசல் வரை அடுக்கிக் கிடக்கும், எங்கட சாமான் கடைசிக்குப் போயிடும், நாளைக்கு எண்டா நாளைக்கு இல்லை. அது நியாயம்தான், பயிர் காயுது, ஆனா வாற நாளைச் சரியாச் சொல்லலாம். பில் எழுதித் தாறேல்ல. மூடி ஒண்டும் போடாமத்தான் தருவினம், பெட்டி நீங்கள் செய்ய வேணும், டைமரும் நீங்கள்தான் பூட்ட வேணும். நான் கரண்டைக் கண நேரம் மட்டும் விட்டு நிப்பாட்டுற ட்ரையக் டைமர் ஒண்டு வாங்கிப் பூட்டினன், 0.15 மில்லிமீட்டர் நிக்கல் பட்டிக்கு 50 ஹேர்ட்ஸ் கரண்டின்ர ரெண்டு மூண்டு சைக்கிள், அதாவது 50 மில்லிசெக்கன் அளவு காணும், இழுத்துப் பாத்தா பட்டி கிழியுது, ஒட்டு விடேல்ல.

கூலி 5000 ரூபாவுக்குள்ள, கேபிளுக்கு வேற. கழட்டின செக்கண்டரிக் கம்பி உங்களுக்கு வேணுமெண்டா முதலே சொல்லுங்கோ, இல்லாட்டி அவர் கூலியில கழிச்சுக்கொண்டு எடுத்திடுவார். மைக்ரோவேவைப் பூட்டினபடியே கொண்டுபோங்கோ, வீட்டில திறக்காதேங்கோ, காலமை வெள்ளன போனா ஐயாவோட ஆறுதலாக் கதைக்கலாம்.