சப்டொமைனா, சப்ஃபோல்டரா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் கேட்டார்: “தம்பி, ஹோல்சேலுக்குத் தனி சைட் வேணும். சைட் முகவரியில கடைப் பேருக்கு முன்னாடி போடலாமா, பின்னாடியா?”

பின்னால் சாய்கோடு போட்டு வருகிற சப்ஃபோல்டர் (example.com/wholesale போல) எளிது. சைட் பெயர் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸைத் தொட வேண்டாம், சைட்டின் தொடர்பைப் பாதுகாக்க இருக்கிற எஸ்எஸ்எல் சான்றிதழே போதும்.

முன்னால் புள்ளி வைத்து வருகிற சப்டொமைனுக்கு (wholesale.example.com போல) வேலை கூடுதல். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சீபேனலில் அதற்கென ஒரு ஃபோல்டரைக் காட்ட வேண்டும். டிஎன்எஸ் வேறிடத்தில் இருந்தால் பெயரை சர்வரின் ஐபி எண்ணோடு இணைக்கும் ஏ ரெக்கார்டையும் நாமே சேர்க்க வேண்டும். சான்றிதழில் அந்தப் பெயரும் இருக்க வேண்டும். ஆனால் நாளைக்கே அதை வேறு சர்வருக்கு மாற்றினாலும் மெயின் சைட் அசையாது. எனக்கு அதுதான் பெரிய விஷயம். அப்புறம், வேண்டாமென்று விட்ட சப்டொமைனின் ரெக்கார்டை உடனே அழித்துவிடுங்கள். வெளிச் சேவையைக் காட்டும் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் ரெக்கார்ட்) மிஞ்சியிருந்தால், வேறு யாராவது அந்தப் பெயரில் தங்கள் பக்கத்தை ஏற்றிவிடலாம்.

அண்ணனுக்கு லாகின், ஸ்டாக், பில்லிங் எல்லாம் தனி சாஃப்ட்வேர். சரி, சப்டொமைனே போடுங்கள் என்றேன். வெறும் விலைப்பட்டியல் என்றால் ஃபோல்டரைத்தான் சொல்லியிருப்பேன்.